ஸ்பிண்டில் சுற்றினால் சிஎன்சி ஏன் தடுமாறுகிறது? வீட்டு மிஷின் வயரிங்கில் நாய்ஸை அடக்கும் வழி

ஸ்பிண்டில் (கட்டரைச் சுற்றும் மோட்டார்) நின்றிருக்கும்போது மணிக்கணக்கில் பிசகில்லாமல் ஓடும் சிஎன்சி மிஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் வெட்டும் மிஷின்), ஸ்பிண்டிலைச் சுற்றவிட்டு மரத்தில் இறக்கியதும் எந்த லிமிட் ஸ்விட்சையும் (அச்சின் ஓரம் வந்துவிட்டதைக் காட்டும் ஸ்விட்ச்) தொடாமலே 'அலாரம் 1' காட்டி நின்றுவிடுகிறது. சில மிஷின்களில் யூஎஸ்பி இணைப்பு நடுவில் அறுந்து, பாதி வெட்டிய பலகை வீணாகிறது. சிலவற்றில் வேலை முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்பும்போது அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஜிஆர்பிஎல் (மிஷினை ஓட்டும் மென்பொருள்) ஏற்றி, விஎஃப்டியும் (ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலும் மாட்டி வீட்டில் கட்டும் ரவுட்டர்களில் இந்த மூன்றும் அடிக்கடி வரும் தொல்லைகள். பெரும்பாலும் மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான்: மின் இரைச்சல், அதாவது நாய்ஸ்.

"ஷீல்டு வயர் போடு", "எர்த் கொடு", "கெபாசிட்டர் வை", "ஃபெரைட் மாட்டு" என்று நான்கு யோசனைகள் உடனே வந்துவிடும். நான்குமே சரியானவை. ஆனால் எதை எங்கே, எந்த முனையில் என்று தெரியாமல் செய்தால் பணம்தான் போகும். சில சமயம் நிலைமை முன்னைவிட மோசமாகும். அதனால் நாய்ஸ் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக நகர்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு வயரிங்குக்கு வருவோம். எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளும் மிஷின் இது: 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் விஎஃப்டி, 2.2 கிலோவாட் வாட்டர் கூல்டு ஸ்பிண்டில், டிஎம்542 வகை ஸ்டெப்பர் டிரைவர்கள் (அச்சுகளை நகர்த்தும் மோட்டார்களை ஓட்டுபவை), ஜிஆர்பிஎல் 1.1, சாதாரண மைக்ரோ ஸ்விட்சுகள்.

## நாய்ஸ் பிறக்கும் இடம்

விஎஃப்டி, வரும் 230 வோல்ட் ஏசியைத் திருத்தி ஏறத்தாழ 325 வோல்ட் டிசி ஆக்குகிறது. பிறகு அந்த டிசியை உள்ளே இருக்கும் ஐஜிபிடி ஸ்விட்சுகளால் நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. வெட்டும் வேகத்துக்குக் கேரியர் அதிர்வெண் என்று பெயர். பொதுவாக 4 முதல் 16 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். தொல்லை இந்தக் கிலோஹெர்ட்ஸில் இல்லை. ஒவ்வொரு வெட்டிலும் மின்னழுத்தம் 0 வோல்ட்டிலிருந்து 325 வோல்ட்டுக்கு 100 நானோசெகண்ட் அளவில் தாவுகிறது. அந்தச் செங்குத்தான விளிம்புதான் நாய்ஸின் பிறப்பிடம்.

ஒரு கணக்குப் போட்டால் இதன் அளவு பிடிபடும். அருகருகே ஓடும் இரண்டு கம்பிகளுக்கு இடையே மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் உண்டு. ஸ்பிண்டில் கேபிள் 5 மீட்டர் என்றால் 500 பிகோஃபாரட். அதன்மேல் 100 நானோசெகண்டில் 325 வோல்ட் தாவினால், ஒவ்வொரு விளிம்பிலும் சுமார் 1.6 ஆம்பியர் கேபிளைவிட்டு வெளியே கசிகிறது. கேபிளின் இன்சுலேஷன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கசியும். கெபாசிட்டன்ஸுக்கு இன்சுலேஷன் ஒரு தடை இல்லை.

கசிந்த மின்னோட்டம் காற்றில் கரைந்துபோவதில்லை. எங்கே கிளம்பியதோ அந்த விஎஃப்டிக்கே ஏதாவது ஒரு வழியில் திரும்பியாக வேண்டும். அதற்கு நெருக்கமான, குட்டையான பாதையை நாம் போட்டுக் கொடுத்தால் அதில் போய்விடும். போட்டுக் கொடுக்காவிட்டால் மிஷின் பிரேம், ஸ்டெப்பர் கேபிள், லிமிட் ஸ்விட்ச் வயர், யூஎஸ்பி, கம்ப்யூட்டரின் எர்த் என்று கிடைத்த வழியெல்லாம் சுற்றித் திரும்பும். ஷீல்டு, எர்த், ஃபில்டர் எல்லாமே இந்தத் திரும்பும் பாதையை ஒழுங்குபடுத்தும் கருவிகள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு விதிக்கும் காரணம் தானாக விளங்கும்.

## சிக்னல் வயருக்குள் நுழையும் வழிகள்

1. கெபாசிட்டிவ் இணைப்பு. ஸ்பிண்டில் கேபிளும் லிமிட் வயரும் ஒரே கேபிள் செயினில் ஒட்டி ஓடும்போது இரண்டுக்கும் இடையே உருவாகும் கெபாசிட்டன்ஸ் வழியாக. வீட்டு மிஷின்களில் பொய்யான லிமிட் அலாரத்துக்கு முதல் காரணம் இது.

2. இன்டக்டிவ் இணைப்பு. போகும் வயருக்கும் வரும் வயருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அது ஒரு சுற்றுச் சுருளாகிவிடும். பக்கத்து கேபிளின் காந்தப்புலம் அதில் மின்னழுத்தத்தைத் தூண்டும். இரண்டு வயரையும் முறுக்கிவிட்டால் இடைவெளி போகும், தூண்டலும் போகும்.

3. பொதுப்பாதை. விஎஃப்டியின் எர்த்தும் கன்ட்ரோலரின் கிரவுண்டும் ஒரே வயரைப் பகிர்ந்துகொண்டால், ஒன்றின் மின்னோட்டம் மற்றதன் பூஜ்யத்தை ஆட்டிவிடும்.

4. கதிர்வீச்சு. நீண்ட வயர்கள் ஆன்டெனாவாகச் செயல்படுவது. மேலே உள்ள மூன்றையும் சரிசெய்தால் இது பெரும்பாலும் கூடவே அடங்கிவிடும்.

## ஆர்டுயினோ ஏன் இவ்வளவு எளிதில் ஏமாறுகிறது

லிமிட் பின்னை 5 வோல்ட்டில் பிடித்துவைத்திருப்பது ஏடிமெகா328பி சிப்பின் உள்ளே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர். அதன் மதிப்பு 20 முதல் 50 கிலோ ஓம். நடுவாக 35 கிலோ ஓம் என்று வைத்தால், அந்தப் பின்னைப் பிடித்திருக்கும் மின்னோட்டம் 0.14 மில்லி ஆம்பியர் மட்டுமே. எதிர்ப்பக்கம் ஸ்பிண்டில் கேபிளுக்கும் லிமிட் வயருக்கும் இடையே வெறும் 10 பிகோஃபாரட் இருந்தாலே ஒவ்வொரு விளிம்பிலும் 32 மில்லி ஆம்பியர் பாய்கிறது. இருநூறு மடங்குக்கு மேல் பலமான எதிரி.

ஜிஆர்பிஎல்லின் நடைமுறை இதை இன்னும் கடுமையாக்குகிறது. ஹார்டு லிமிட் (லிமிட் ஸ்விட்ச் மாறியதும் மிஷினை நிறுத்தும் அமைப்பு) ஆன் ஆகியிருந்தால், பின்னில் ஏற்படும் எந்த மாற்றமும் உடனே இன்டரப்டைக் (மற்ற வேலையை நிறுத்திவிட்டு சிப்பைக் கவனிக்கவைக்கும் அழைப்பு) கிளப்பும். ஸ்விட்ச் உண்மையிலேயே அழுந்தியிருக்கிறதா என்று மறுபடி பார்க்காமலே மிஷினை நிறுத்திவிடும். அமைப்பை மாற்றித் தொகுக்காமல் (கம்பைல் செய்யாமல்) அப்படியே ஏற்றிய ஜிஆர்பிஎல் 1.1-இன் இயல்பு இதுதான். 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு துடிப்பு 62.5 நானோசெகண்ட், ஒன்றிரண்டு துடிப்பு அகலமுள்ள ஸ்பைக் போதும், அலாரம் அடித்துவிடும். வேகமாக நிற்க வேண்டிய பாதுகாப்பு அம்சம் என்பதால் இது வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்டது. ஆகவே பொய்யான அலாரம் வந்தால் மென்பொருளைக் குறை சொல்வதில் பயன் இல்லை. வயர்தான் பொய் சொல்கிறது.

## முதலில் நாய்ஸ்தானா என்று உறுதிசெய்வது

எல்லாப் பிசகும் நாய்ஸ் ஆகாது. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கும் முன் இந்தச் சோதனைகளை வரிசையாகச் செய்ய வேண்டும்.

1. விஎஃப்டியின் மெயின் பிளக்கையே பிடுங்கிவிட்டு, அதே புரோகிராமைக் காற்றில் ஓட்டிப் பூஜ்யத்துக்குத் திரும்ப வைக்கவும். இப்போதும் தள்ளி நின்றால் காரணம் வேறு: தளர்ந்த கப்ளிங், அதிக ஆக்ஸலரேஷன், குறைந்த டிரைவர் கரன்ட்.

2. தள்ளிப்போவது எப்போதும் ஒரே பக்கமாக, திசை மாறும் எண்ணிக்கைக்கு ஏற்ப வளர்ந்துகொண்டே போனால், அது ஸ்டெப், டிரெக்ஷன் சிக்னல்களின் நேரப் பிரச்சினை. டிஎம்542 வகை டிரைவருக்கு டிரெக்ஷன் சிக்னல் ஸ்டெப்புக்கு 5 மைக்ரோசெகண்ட் முன்பே வந்து நிற்க வேண்டும். ஜிஆர்பிஎல்லில் $2 மதிப்பை மாற்றி ஸ்டெப் சிக்னலைத் திருப்பிப் பார்க்கவும். இதை நாய்ஸ் என்று நினைத்து எத்தனை ஷீல்டு போட்டாலும் தீராது.

3. விஎஃப்டிக்கு கரன்ட் கொடுத்து, ஸ்பிண்டிலைச் சுற்றாமல் 10 நிமிடம். பிறகு அச்சுகளை அசைக்காமல் ஸ்பிண்டிலை மட்டும் சுற்றவிட்டு 10 நிமிடம். எந்தக் கட்டத்தில் அலாரம் வருகிறது என்று குறித்துக்கொள்ளவும்.

4. லிமிட் வயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றிவிட்டு, ஸ்விட்ச் என்சி (அழுத்தாதபோது மூடியிருக்கும்) வகையில் வயர் ஆகியிருந்தால் அந்த டெர்மினலிலேயே ஒரு குட்டித் துண்டு வயரால் ஷார்ட் செய்து, என்ஓ (அழுத்தாதபோது திறந்திருக்கும்) என்றால் டெர்மினலை அப்படியே விட்டு, ஸ்பிண்டிலை ஓட்டவும். இந்தச் சோதனை முழுக்க அச்சுகளை அசைக்கக் கூடாது. அலாரம் நின்றுவிட்டால் நாய்ஸ் லிமிட் கேபிள் வழியாகத்தான் வந்திருக்கிறது. நிற்கவில்லை என்றால் பவர் சப்ளை, யூஎஸ்பி அல்லது கிரவுண்ட் வழியாக போர்டுக்குள்ளேயே நுழைகிறது. இந்த ஒரு சோதனை பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

5. கன்ட்ரோல் செய்வது லேப்டாப் என்றால், சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பார்க்கவும். தொல்லை மறைந்தால், எர்த் வழியாகச் சுற்றி வரும் கிரவுண்ட் லூப் இருக்கிறது என்று பொருள்.

கையில் பழைய ஏஎம் ரேடியோ இருந்தால் அது நல்ல கருவி. நிலையம் எதுவும் எடுக்காத இடத்தில் வைத்துவிட்டு கேபிள் ஓரமாக நகர்த்தினால், எந்த இடத்தில் நாய்ஸ் அதிகம் என்று காதிலேயே கேட்கும். மலிவான பொம்மை ஆசிலாஸ்கோப்புகள் இதற்கு உதவாது. 200 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் காட்டும் கருவிக்கு 100 நானோசெகண்ட் ஸ்பைக் கண்ணில் படாது. அது காட்டவில்லை என்பதற்காக லைன் சுத்தமாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

## எர்த்: இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்

எர்த் என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கிறோம். ஒன்று பாதுகாப்பு எர்த்: இன்சுலேஷன் பழுதாகி பாடிக்கு ஃபேஸ் வந்தால் பிரேக்கரை விழவைத்து உயிரைக் காப்பது. மற்றது சிக்னல் கிரவுண்ட்: 5 வோல்ட், 24 வோல்ட் சப்ளைகளின் 0 வோல்ட் முனை. இரண்டும் ஏதாவது ஒரே ஒரு இடத்தில் மட்டும் சந்திக்கலாம். பல இடங்களில் சந்தித்தால் அதுவே கிரவுண்ட் லூப்.

முதலில் சுவர் சாக்கெட்டைச் சோதிக்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லாமல் இருப்பது உண்டு. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட் மட்டுமேயும் காட்ட வேண்டும். இது போதாது. மல்டிமீட்டர் மிகக் குறைவான மின்னோட்டமே எடுக்கும் என்பதால், அறுந்துபோகும் நிலையில் உள்ள எர்த்கூட அதில் சரியாகவே தெரியும். எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். லைனில் ஆர்சிசிபி (எர்த்துக்கு மின்னோட்டம் கசிந்தால் லைனை வெட்டும் பிரேக்கர்) இருந்தால் அது உடனே விழ வேண்டும். எர்த் இல்லை என்றால் நியூட்ரலை எர்த்தோடு இணைத்துச் சமாளிக்கும் வேலை கூடவே கூடாது. நியூட்ரல் அறுந்தால் மிஷின் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். அதேபோல், கிரவுண்ட் லூப்பை வெட்டுவதாக நினைத்து பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுவதும் ஆளைக் கொல்லும் வேலை.

அடுத்தது பேனலுக்குள். பித்தளை எர்த் பார் ஒன்றை பேனல் தட்டில் பொருத்தி, கீழ்க்கண்ட ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் இழுக்க வேண்டும்: சுவர் சாக்கெட் எர்த், விஎஃப்டி எர்த் முனை, பேனல் தட்டு, ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸின் (டிசி பவர் சப்ளை) எர்த் முனை, மிஷின் பிரேம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி இழுக்கக் கூடாது. ஏன் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நேரான வயருக்கு மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி இன்டக்டன்ஸ் உண்டு. விஎஃப்டியின் 1.6 ஆம்பியர் ஸ்பைக் 100 நானோசெகண்டில் ஏறும்போது அரை மீட்டர் எர்த் வயரின் இரு முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 8 வோல்ட் தோன்றும். அதே வயரை ஆர்டுயினோ சப்ளையும் பகிர்ந்தால், 5 வோல்ட்டில் ஓடும் போர்டின் பூஜ்யம் 8 வோல்ட் ஆடுகிறது. மல்டிமீட்டரில் அந்த வயர் 0.1 ஓம்கூடக் காட்டாது. வேகமான நாய்ஸுக்கு வயரின் நீளமும் வடிவமும்தான் முக்கியம். அதனால்தான் மெல்லிய நீள வயரைவிடக் குட்டையான, பட்டையான செம்புப் பின்னல் நல்லது.

பிரேமில் ஒரு விஷயம் பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அலுமினிய புரொஃபைலின் மேல் இருக்கும் அனோடைசிங் மின்சாரத்தைக் கடத்தாது. கிரீஸ் தடவிய லீனியர் ரயிலும், பிளாஸ்டிக் வீலும் நம்பத்தக்க இணைப்பு ஆகாது. எனவே படுக்கை, கேன்ட்ரி (படுக்கைக்கு மேல் நகரும் குறுக்குப் பாலம்), இசட் தட்டு (ஸ்பிண்டிலைத் தாங்கும் தட்டு) மூன்றுக்கும் தனித்தனி எர்த் தேவை. எர்த் வயர் முனையின் லக் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்க வேண்டும். எர்த் பாரிலிருந்து இசட் தட்டு வரை கன்டினியூட்டி பார்த்து, அச்சை முழு நீளத்துக்கும் கையால் நகர்த்தியபடி மீட்டர் நிலையாக நிற்கிறதா என்று கவனிக்கவும்.

## ஸ்பிண்டில் கேபிள்

செலவழிக்கப் பணம் குறைவாக இருந்தால், அத்தனையையும் இந்தக் கேபிளில் போடலாம். பிறக்கும் இடத்திலேயே அடைத்தால் மற்ற வேலைகள் பாதியாகும். உள்ளே கைவைக்கும் முன் விஎஃப்டியின் மெயினைத் துண்டித்து 10 நிமிடம் பொறுத்து, டிசி முனைகளில் மின்னழுத்தம் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. 4 கோர், 1.5 சதுர மி.மீ., செம்புப் பின்னல் ஷீல்டு உள்ள கேபிள். மூன்று கோர் மோட்டார் ஃபேஸ்களுக்கு, நான்காவது எர்த்துக்கு. ஷீல்டையே எர்த் வயராகப் பயன்படுத்தக் கூடாது. கேபிள் செயினில் ஓடுவதால் பல்லிழைக் கேபிளாக இருக்க வேண்டும். தேவைக்கு மேல் உள்ள நீளத்தைச் சுருட்டி வைக்காமல் வெட்டிவிடவும். நீளம் கூடக் கூடக் கசிவும் கூடும்.

2. ஸ்பிண்டில் தலையில் இருக்கும் 4 பின் வட்டக் கனெக்டரைச் சோதிக்கவும். மலிவான ஸ்பிண்டில்கள் பலவற்றில் நான்காவது பின் உள்ளே எதிலும் இணைக்கப்படாமல் வெறுமனே இருக்கும். அந்தப் பின்னுக்கும் ஸ்பிண்டில் பாடிக்கும் கன்டினியூட்டி இல்லை என்றால், தலைமூடியைத் திறந்து பாடிக்கு ஒரு வயர் போட வேண்டும். இதைச் செய்யாதவரை ஸ்பிண்டிலுக்கு எர்த்தே இல்லை. நாய்ஸ் இருக்கட்டும், முதலில் ஷாக் அபாயம்.

3. இந்தக் கேபிளின் ஷீல்டை இரு முனையிலும் இணைக்க வேண்டும். திரும்பும் மின்னோட்டத்துக்கு நாம் போட்டுக் கொடுக்கும் பாதை இதுதான். ஒரு முனையை விட்டுவிட்டால் பாதை பாதியில் முடிந்துவிடும். விஎஃப்டி பக்கம், வெளியுறையை 3 செ.மீ. உரித்து, பின்னலை முழுச் சுற்றும் பிடிக்கும் உலோக கிளாம்பால், வண்ணம் சுரண்டிய பேனல் தட்டில் அழுத்திப் பிடிக்கவும். பின்னலைத் திரித்து வால்போல் நீட்டி ஸ்க்ரூவில் மாட்டுவது எளிது. ஆனால் 10 செ.மீ. வால் ஒன்றே ஷீல்டின் பயனில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஸ்பிண்டில் பக்கம், கனெக்டரின் உலோக உறையோடு பின்னலைச் சுற்றிலும் இணைக்கவும்.

4. விஎஃப்டி வெளியீட்டில் ஃபெரைட் வளையம் (வேகமான நாய்ஸைத் தடுக்கும் காந்தப் பொருள்) வைத்தால், மூன்று ஃபேஸ் வயர்களையும் சேர்த்து ஒரே வளையத்துக்குள் 3 சுற்று சுற்றவும். எர்த் வயரும் ஷீல்டும் வளையத்துக்கு வெளியே போக வேண்டும். ஃபெரைட்டின் தடை சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும்: 3 சுற்றுக்கு 9 மடங்கு. கேபிளில் வெறுமனே கிளிப் மாட்டினால் ஒரு சுற்றுதான்.

5. உள்ளீட்டுப் பக்கம் ஈஎம்ஐ ஃபில்டர் (மெயின் லைனுக்குள் நாய்ஸ் போகாமல் தடுப்பது). அதன் உலோகப் பாடி சுரண்டிய தட்டில் நேரடியாக உட்கார வேண்டும். விஎஃப்டிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஃபில்டருக்குள் போகும் வயரும் வெளியே வரும் வயரும் ஒன்றாகக் கட்டப்படக் கூடாது. ஃபில்டர் இயல்பாகவே சிறிது மின்னோட்டத்தை எர்த்துக்குக் கசியவிடும் என்பதால், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சில வீடுகளில் விழலாம். விஎஃப்டிக்குத் தனி லைன் இழுத்து, அதன் கையேட்டில் பரிந்துரைக்கும் ஆர்சிசிபி வகையைப் போடுவதுதான் தீர்வு; ஆர்சிசிபியைக் கழற்றுவது தீர்வு இல்லை. இந்த ஃபில்டரையோ வேறு எந்தக் கெபாசிட்டரையோ விஎஃப்டி வெளியீட்டில் மாட்டினால் ஐஜிபிடி வெடித்துப் போகும்.

6. கேரியர் அதிர்வெண்ணைக் குறைத்தால் ஒரு நொடியில் வரும் விளிம்புகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் 24,000 ஆர்பிஎம்முக்கு ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸ் கேட்கிறது. 2 கிலோஹெர்ட்ஸ் வரை இறக்கினால் ஒரு சுழற்சிக்கு 5 வெட்டுதான் கிடைக்கும், மோட்டார் சூடாகிக் கத்தும். 8 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

## லிமிட் ஸ்விட்ச் வயரிங்

ஸ்விட்சை என்சி முனையில் வயர் செய்ய வேண்டும், என்ஓ முனையில் அல்ல. என்சியில் மிஷின் ஓடும் நேரமெல்லாம் காண்டாக்ட் மூடியே இருப்பதால் வயர் நேராக 0 வோல்ட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. நாய்ஸால் அதை எளிதில் தூக்க முடியாது. வயர் அறுந்தாலும் உடனே அலாரம் வரும். என்ஓவில் அறுந்த வயர் தெரியவே தெரியாது, மோதிய பிறகுதான் தெரியும். ஜிஆர்பிஎல்லில் $5=1 என்று மாற்ற வேண்டும்.

கன்ட்ரோலர் முனையில் ஒவ்வொரு லிமிட் பின்னுக்கும் இந்தச் சின்னச் சுற்று: 5 வோல்ட்டிலிருந்து லிமிட் வயருக்கு 1 கிலோ ஓம் புல்-அப், லிமிட் வயரிலிருந்து ஆர்டுயினோ பின்னுக்கு 1 கிலோ ஓம் தொடர் ரெசிஸ்டர், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர். மேலே சொன்ன 10 பிகோஃபாரட் வழியாக வரும் 325 வோல்ட் தாவல், இந்தக் கெபாசிட்டரில் மோதும்போது 33 மில்லிவோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. தாமதம் எவ்வளவு? ஸ்விட்ச் திறக்கும்போது 0.2 மில்லிசெகண்ட். நிமிடத்துக்கு 1,500 மி.மீ. வேகத்தில் அது 0.005 மி.மீ. நகர்வு, ஹோமிங் (ஸ்விட்சைத் தொட்டுத் தொடக்க இடத்தைக் கண்டுபிடிப்பது) துல்லியத்தைப் பாதிக்காது. கெபாசிட்டரை ஸ்விட்ச் பக்கம் வைக்கக் கூடாது. அதற்குப் பிறகு வரும் 3 மீட்டர் வயர் மறுபடியும் நாய்ஸை எடுத்துக்கொள்ளும்.

இதைவிட உறுதியானது 24 வோல்ட் லூப்பும் பிசி817 ஆப்டோகப்ளரும் (மின் இணைப்பு இல்லாமல் ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் சிப்). தனி 24 வோல்ட் சப்ளை, என்சி ஸ்விட்ச், 2.2 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர், ஆப்டோவின் எல்இடி என்று தொடராக இணைத்தால் சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடும். வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஆர்டுயினோ பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே. எல்இடி அணைய வேண்டும் என்றால் 10 மில்லி ஆம்பியர் உண்மையிலேயே நிற்க வேண்டும். ஸ்பைக்கால் ஆகிற காரியமில்லை. இன்னொரு நன்மையும் உண்டு: 10 மில்லி ஆம்பியர் ஓடும்போது ஸ்விட்ச் காண்டாக்டில் படியும் மெல்லிய ஆக்சைடு தொல்லை தருவதில்லை. இந்த 24 வோல்ட்டின் 0 முனையை ஆர்டுயினோ கிரவுண்டோடு இணைத்துவிட்டால் பிரித்து வைத்ததன் பயன் போய்விடும்.

இன்டக்டிவ் சென்சார் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: எல்ஜே12ஏ3 வகை சென்சார்கள் 6 முதல் 36 வோல்ட்டுக்கானவை. ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் அவை வேலைசெய்வதுபோல் தெரியும், நம்ப முடியாது. 24 வோல்ட்டில் ஓட்டி, ஆப்டோ வழியாக எடுக்கவும். பெயரின் கடைசியில் பிஎக்ஸ் என்றிருந்தால் என்ஓ, ஏஎக்ஸ் என்றிருந்தால் என்சி. வாங்கும்போதே ஏஎக்ஸ் கேட்டு வாங்கலாம்.

வயர், முறுக்கிய ஜோடியாக, ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் அதன் சொந்தத் திரும்பு வயர் வேண்டும். மூன்று ஸ்விட்சுக்கும் ஒரே கிரவுண்ட் வயர் போட்டு மிச்சம் பிடிக்கக் கூடாது. இந்த ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்து, ஸ்விட்ச் பக்கம் வெட்டி டேப் சுற்றிவிடவும். ஸ்பிண்டில் கேபிளுக்கு இரு முனை, இதற்கு ஒரு முனை என்பது முரண் அல்ல. அங்கே ஷீல்டு வழியாக மின்னோட்டம் திரும்ப வேண்டும். இங்கே பிரேமில் ஓடும் மின்னோட்டம் ஷீல்டுக்குள் வந்துவிடக் கூடாது. நெட்வொர்க் கேபிளைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒற்றைக் கம்பி உள்ளது செயினில் சில மாதங்களில் உள்ளுக்குள் உடையும். பல்லிழை பேட்ச் கேபிளைத் தேர்ந்தெடுக்கவும்.

## யூஎஸ்பி

யூஎஸ்பி கேபிள் ஆர்டுயினோவின் கிரவுண்டைக் கம்ப்யூட்டரின் எர்த்தோடு கட்டிவிடுகிறது. அதனால் மிஷினில் திரியும் நாய்ஸுக்கு அது ஒரு திறந்த கதவு. கேபிளை 1.5 மீட்டருக்குள் வைத்து, ஃபெரைட் வளையத்தில் 3 சுற்று சுற்றினால் பல மிஷின்களில் அதுவே போதும். போதாதபோது ஏடியுஎம்3160 சிப் உள்ள யூஎஸ்பி ஐசொலேட்டரை (இரு பக்கத்தையும் மின்வழியில் பிரித்துவைக்கும் கருவி) நடுவில் மாட்டலாம். ஊனோவின் 12 மெகாபிட் வேகத்துக்கு அது ஒத்துப்போகும். மிஷினையும் கம்ப்யூட்டரையும் ஒரே சாக்கெட் வரிசையிலிருந்து ஓட்டுவதும் லூப்பைச் சிறிதாக்கும். புதிதாகக் கன்ட்ரோலர் வாங்குவதாக இருந்தால் ஈதர்நெட் உள்ளதைப் பார்க்கலாம். ஈதர்நெட் போர்ட்டில் டிரான்ஸ்ஃபார்மர் தனிமைப்படுத்தல் இயல்பாகவே உண்டு.

## மற்ற நாய்ஸ் மூலங்கள்

ஸ்டெப்பர் டிரைவர்களும் மின்னோட்டத்தை வெட்டித்தான் அனுப்புகின்றன. ஒரு காயிலின் இரண்டு வயரை ஒரு ஜோடியாக, அடுத்த காயிலின் இரண்டை இன்னொரு ஜோடியாக முறுக்கவும். கரன்ட் இருக்கும்போது மோட்டார் கனெக்டரைக் கழற்றினால் டிரைவர் போய்விடும்.

கூலன்ட் வால்வு, ரிலே, கான்டாக்டர் காயில்கள் அணையும்போது பெரிய ஸ்பைக் விடும். டிசி காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, ஏசி காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகை கெபாசிட்டரும் தொடராக. காயிலின் முனையிலேயே வைக்க வேண்டும்.

வாக்குவம் கிளீனரைத் தனியாகச் சொல்ல வேண்டும். எம்டிஎஃப் தூள் பிளாஸ்டிக் ஹோஸ் வழியாகப் பாயும்போது உராய்வால் பல ஆயிரம் வோல்ட் நிலைமின்சாரம் சேர்ந்து, இசட் தட்டிலோ ஸ்பிண்டிலிலோ பொறியாக இறங்கும். காற்று வறண்ட நாட்களில் இது அதிகம். ஸ்பிண்டில் ஓடுவதில் தொல்லை இல்லை, வாக்குவம் போட்டு 10 நிமிடத்தில் யூஎஸ்பி அறுகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஹோஸ் நெடுக ஒரு வெறுங்கம்பியைச் சுற்றி, அதை மிஷின் எர்த்தோடு இணைத்தால் சரியாகும்.

## பேனலும் கேபிள் செயினும்

விஎஃப்டியைக் கன்ட்ரோலர் இருக்கும் பெட்டிக்குள் வைக்காமல் வெளியே தனியாக வைக்க முடிந்தால் நல்லது. ஒரே பெட்டி என்றால் விஎஃப்டி ஒரு ஓரம், ஆர்டுயினோ எதிர் ஓரம். ஸ்பிண்டில் கேபிளுக்கும் சிக்னல் கேபிள்களுக்கும் 20 செ.மீ. இடைவெளி, கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். கேபிள் செயினில் அவ்வளவு இடம் கிடைக்காது. ஸ்பிண்டில் கேபிளுக்குத் தனிச் செயின் போடலாம், அல்லது ஒரே செயினில் ஒரு கோடியில் ஸ்பிண்டில், நடுவில் ஸ்டெப்பர், மறு கோடியில் லிமிட் என்று தடுப்பு வைத்துப் பிரிக்கலாம்.

எமர்ஜென்சி ஸ்டாப் மட்டும் ஆர்டுயினோவை நம்பி இருக்கக் கூடாது. நாய்ஸால் போர்டு உறைந்துபோன நேரத்தில்தான் அது தேவைப்படும். மெயின் கான்டாக்டரின் காயிலை நேரடியாக வெட்டும்படி வயர் செய்ய வேண்டும். கான்டாக்டர் விஎஃப்டியின் உள்ளீட்டுப் பக்கம் இருக்கட்டும். விஎஃப்டிக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே வைத்து ஓட்டத்தில் திறந்தால் விஎஃப்டி பழுதாகும்.

## மென்பொருள் வடிகட்டல் எப்போது

ஜிஆர்பிஎல்லைத் தொகுக்கும்போது மென்பொருள் டிபவுன்ஸை இயக்கலாம். பின் மாறியதும் சுமார் 32 மில்லிசெகண்ட் பொறுத்து, ஸ்விட்ச் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்த பிறகே அலாரம் வரும். நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகத்தில் அந்த நேரத்துக்குள் அச்சு 1.6 மி.மீ. நகர்ந்துவிடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மேலும் இது லிமிட் பின்னை மட்டுமே காப்பாற்றும். ஸ்டெப் வயரில் ஏறும் நாய்ஸையோ யூஎஸ்பி அறுவதையோ தொடாது. வயரிங் முடிந்த பிறகு கூடுதல் காப்பாக வைத்துக்கொள்ளலாம். $26 என்ற டிபவுன்ஸ் அமைப்பு ஹோமிங்குக்கு மட்டுமானது. அதை எவ்வளவு ஏற்றினாலும் வெட்டும்போது வரும் அலாரம் குறையாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், எர்த், ஸ்பிண்டில் கேபிள், லிமிட் சுற்று, யூஎஸ்பி என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே சோதனையை ஓட்டவும்: ஸ்பிண்டில் 24,000 ஆர்பிஎம்மில், வாக்குவம் ஓடிக்கொண்டிருக்க, ஹார்டு லிமிட் ஆனில், கட்டர் இல்லாமல் ஒரு மணி நேரப் புரோகிராம். நடுவே ஸ்பிண்டிலைப் பத்து முறை நிறுத்தித் தொடங்கவும். முடிவில் மூன்று அச்சையும் டயல் கேஜ் வைத்துப் பூஜ்யத்தில் அளந்து, எந்த மாற்றத்துக்குப் பிறகு எது குறைந்தது என்று பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவைக்கவும். அடுத்த முறை கேபிள் மாற்றும்போது எதைத் தொடக் கூடாது என்பது அதைப் பார்த்தாலே தெரியும்.